கலெக்டரின் வயிறு

ஆனி 18, திங்கள்

விடிந்ததில் இருந்து சாரல். குற்றாலம் மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர். குளிக்கத் தடை. போலீஸ்காரர் கயிறு கட்டிவிட்டுக் குடைக்குள் நிற்கிறார். குளிக்க ஆள் இல்லை என்றால் எண்ணெய் தேய்க்கவும் ஆள் இல்லை. மதியம் வரை இரண்டே உடம்பு. ஒன்று மதுரைக்காரர், முதுகு ஆட்டுக்கல். இன்னொருவர் பாயில் படுத்ததும் குறட்டை. முழுசாகத் தேய்த்து முடித்து எழுப்பினால், இன்னும் ஆரம்பிக்கலையா என்கிறார். இன்னொரு தடவை தேய்த்திருக்கலாம், இன்னொரு கூலி.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய் 2 லி. தீப்பெட்டி. சொர்ணத்துக்கு மூட்டுவலித் தைலம் (எண்ணெய்க்காரன் பெண்டாட்டிக்குக் கடைத் தைலம், வெளியே சொல்ல முடியுமா). பால்.

பால் கலெக்டருக்கு. இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. தண்ணீர் மட்டும் வாளி வாளியாகக் குடிக்கிறாள். முழுப் பெயர் எழுதினால் கை வலிக்கிறது, இனி கலெ.

போன சீசனில் ஏதோ கார்க்காரர்கள் இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றிக்கொள்ளாமல் போன வெள்ளை நாய். பொட்டை. நாங்கள் எண்ணெய் தேய்க்கிற இடத்தில் முன்னங்கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்த்தாள். கலெக்டர் என்று நான்தான் பெயர் வைத்தேன். பெயர் வைத்த பாவத்துக்குப் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் தடவிப் பார்த்தேன். வயிறு உப்பி, கல் மாதிரி. கலெ. மாசமாக இருக்குமோ என்று சொர்ணத்துக்குச் சந்தேகம். நான் இல்லவே இல்லை, இது வாயு என்றேன். முப்பது வருஷமாக எத்தனை வயிறு பார்த்தவன் நான். எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுச் சுட வைத்து, விலாவுக்குக் கீழே இருந்து வட்டம் வட்டமாக அரை மணி நேரம் தேய்த்தேன். ஒரு தடவை முனகினாள். என் பாயில் படுக்கிறவர்களும் அப்படித்தான் முனகுவார்கள். சுகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி 19, செவ்வாய்

மழை இல்லை, மூட்டம். அருவி திறந்தார்கள். நல்ல கூட்டம். நான்தான் போகவில்லை.

காலையில் இன்னொரு தடவை வயிறு தேய்த்தேன். பால் அப்படியே இருக்கிறது. எறும்பு குடித்தது.

பதினொரு மணிக்குக் கூட்டாளி மைதீன் ஆட்டோ. தென்காசியில் நாய்க்கென்றே ஒரு கிளினிக் என்று யாரோ சொன்னார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, மீன் தொட்டி. எங்களுக்கு முன்னால் ஒரு நாய் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தேன், நான் துண்டு மட்டும். ரிஜிஸ்டர் எழுதுகிற பிள்ளை இது என்ன பிரீடு என்று கேட்டது. குற்றாலம் என்றேன். எழுதிக்கொண்டது.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து எட்டிப் பார்த்தார். சீதோஷ்ணம் மாறுகிறது, வாயு, சரியாகிவிடும் என்றார். பக்கத்தில் நின்றவர் ஊசி போட்டார். ஒரு டானிக், மாத்திரை, பை நிறைய நாய்த் தீனி. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ரூபாய் இல்லை, கை. அந்த மனுஷர் கலெ. மேல் ஒரு விரல் வைக்கவில்லை. என் பாயில் ஒருத்தரைப் படுக்கச் சொல்லாமல், தொடாமல், உமக்கு இடுப்பில் பிடிப்பு என்று நான் சொன்னால் யாராவது காசு தருவார்களா. மேல்துண்டைப் பிடித்து இழுப்பார்கள். கூட்டம் அதிகம், அவருக்கும் அலுப்பாக இருந்திருக்கலாம். ஆனாலும்.

வாயு என்று அவரும் சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷம். சொர்ணத்திடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனி 20, புதன். காலை

வால் பக்கம் சீழ். நாற்றம். எழுந்து நிற்கக் கால் பின்னுகிறது.

திருநெல்வேலியில் ஒரு பெரிய நாயாஸ்பத்திரிக்குப் போன். ரத்தம் பார்க்கணும், ஸ்கேன், அநேகமாக ஆபரேஷன், மூன்று நாள் அங்கேயே இருக்கணும். இருபது, இருபத்திரண்டாயிரம் ஆகும். கார் வாடகை தனி. நல்ல பதமாகத்தான் பேசினார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், சொர்ணமும் கேட்டாள். அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். ஆலங்குளத்தில் எங்கள் மகளுக்கு இரண்டு பிரசவமும் சேர்த்து இதில் பத்தில் ஒன்று ஆகவில்லை.

நல்ல டாக்டர் யார் என்று டீக்கடையில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒருவர் மஞ்சள் அரைத்துக் கொடு என்றார். ஒருவர் கேரளாவுக்குக் கொண்டு போ என்றார். ஒருவர், "நாய்க்குப் போயி டாக்டரா, எனக்கே நான் பாக்கலவே" என்றார். அதுவும் உண்மைதான், பல் ஒன்று பாக்கி இல்லை அவருக்கு.

மைதீன்தான் சொன்னான். பண்பொழிப் பக்கம் ஒரு அரசாங்க மாட்டாஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டரம்மா. இவன் மச்சானின் ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தபோது, அந்தப் பிள்ளை வயலுக்கே வந்து, சேற்றில் முட்டி போட்டு எடுத்துக் கொடுத்ததாம்.

சொர்ணத்துக்கு நம்பிக்கை இல்லை. மாட்டு டாக்டர் நாய்க்கு என்ன பார்ப்பாள் என்று கேட்டாள். ஆனால் அவள்தான் முதலில் ஆட்டோவில் ஏறினாள். தன் பழைய சேலையை மடியில் விரித்துக்கொண்டு. வாசல்படி தாண்ட விடாத நாயை அதில் கிடத்திக்கொண்டாள்.

புதன். திரும்ப எழுதுகிறேன்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. எழுத்து கோணல். இன்று பார்த்ததை எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, வாசலில் மாடு கட்டுகிற கம்பி, ஒரு வேப்பமரம். டாக்டரம்மாவுக்கு முப்பது இருக்கும். என் தோள் உயரம். காலில் ரப்பர் பூட்ஸ், கைமுட்டி வரை சாணி. கழுவிக்கொண்டே கேள்வி. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் எவ்வளவு. கடைசியாக எப்போது ஆண் நாய்கள் பின்னால் வந்தன. இதை ஒரு பொம்பிளைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்ல என்று நான் முழிக்க, சொர்ணம் பட்டென்று இரண்டு மாசம் ஆச்சு என்றாள்.

பிறகு டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தது. நாயை மேஜைக்குத் தூக்கவில்லை, தான் நாய்ப் பக்கம் இறங்கியது. வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அமுக்கவில்லை. கை நகரவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நகர்ந்தது. விரல் நுனி மட்டும், நூல் நூலாக. என் தொழிலில் இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. நாங்கள் தேய்க்கிறோம், பிசைகிறோம், தட்டுகிறோம். இந்தக் கை கேட்டது.

கண்ணைத் திறந்து, "யாரும் வயித்த அமுக்கினீங்களா?" என்றது.

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"இவுகதான்," என்றாள் சொர்ணம். "ரெண்டு நாளா எண்ணெய் போட்டுத் தேச்சாக. வாயுன்னு."

திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கர்ப்பப்பை முழுக்கச் சீழ், உடனே எடுத்தாக வேண்டும் என்றது. திருநெல்வேலி போக இரண்டு மணி நேரம், ஆட்டோ குலுக்கலில் உள்ளேயே உடைந்துவிடும். இங்கே செய்யலாம். ஆனால் மயக்க மிஷின் கிடையாது, ஊசி மயக்கம்தான். விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, மூத்திரக்காய் (கிட்னி) தாங்குமா தெரியாது.

"பிழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. செய்யலேன்னா நாளைக்கு இருக்காதுன்னு மட்டும் சொல்லுதேன்."

ஃபீஸ் கிடையாது. வெளியே வாங்க வேண்டிய மருந்துக்குச் சீட்டு எழுதியது. மைதீன் செங்கோட்டைக்குப் பறந்தான். இரண்டாயிரத்து அறுநூறு. நேற்றுத் தீனிப் பையும் டானிக்குமாகப் போனதோடு கொஞ்சம் சேர்த்தால் ஒரு உயிர்.

ரிஜிஸ்டரில் நாய் பெயர் கேட்டது. கலெக்டர் என்றேன். பேனாவை நிறுத்தி, "அப்ப நான் எந்திரிச்சு நிக்கணுமா?" என்றது. சிரிக்காமல் கேட்டது. எனக்கு அந்த நேரத்தில் அது பெரிய தைரியம். கேலி பேசுகிறவர்கள் கையை விட்டுவிட மாட்டார்கள்.

உதவிக்கு இருக்கிறவர் மாட்டுத் தடுப்பூசி முகாமுக்குப் போயிருக்கிறார். டாக்டரம்மா எங்கள் மூவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. மைதீன் ஆட்டோவில் காற்று இருக்கிறதா பார்க்கப் போய்விட்டான். சொர்ணத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் கை கழுவச் சொன்னது. சோப்புப் போட்டு மூன்று தடவை. எண்ணெய் போகவே இல்லை, முப்பது வருஷ எண்ணெய்.

என் வேலை: தலைமாட்டில் நின்று முன்னங்கால் இரண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும்.

"சத்தமா எண்ணுங்க. நான் உள்ள பாத்துட்டு இருப்பேன், உங்க சத்தந்தான் எனக்கு. நிறுத்துனா நான் திரும்ப வேண்டியிருக்கும். நிறுத்தாதீங்க."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நூறு நூறாக எண்ணினேன்.

பிளேடு வைத்து வயிற்று முடியை வழித்து, சிவப்பு மருந்து தடவி, ஒரு கோடு. ரத்தம் கொட்டும் என்று பயந்தேன், அவ்வளவு இல்லை. பிறகு உள்ளே.

உடம்பை வெளியே இருந்து மட்டும் தெரியும் எனக்கு. எத்தனை ஆயிரம் வயிறு இந்தக் கைக்குக் கீழே போயிருக்கும். உள்ளே இப்படி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வழுவழுவென்று, பளபளவென்று, ஒவ்வொன்றும் தன் இடத்தில். குடல் தானாக நெளிகிறது. ஆள் மயக்கத்தில் கிடக்க, அது பாட்டுக்கு வேலை செய்கிறது. யாரும் தேய்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. கோயிலில் திரை விலகும்போது வாய் மூடிக்கொள்ளுமே, அப்படி ஆனது. ஆனால் வாயை மூட முடியாது, எண்ண வேண்டும். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

கர்ப்பப்பை வெளியே வந்தது. இரண்டு நீளப் புடலங்காய் மாதிரி, வீங்கி, கருஞ்சிவப்பாக. டாக்டரம்மா இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தது, பிறந்த பிள்ளையை எடுப்பது போல. ஓர் அவசரமும் இல்லை. வாசலில் ஒரு மாடு கத்துகிறது, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் அந்தப் பிள்ளை காதில் விழவில்லை.

மூன்றாவது நூறு. முப்பத்தேழு. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"அண்ணாச்சி?"

"முப்பத்தேழு."

"அப்புறம்?"

"வரலம்மா."

நாக்கை வெளியே இழுத்துவிடச் சொன்னது. இழுத்தேன். உள்ளங்கையை நெஞ்சில் வை, அமுக்கு, விடு. நான் அமுக்கவா என்று கேட்டேன். ஆமாம், இப்போது நீங்கள் அமுக்கத்தான் வேண்டும். குரல் ஏறவில்லை. அதன் ஒரு கை கட்டின நூலை விடாமல் பிடித்திருந்தது. அமுக்கினேன். விட்டேன். அமுக்கினேன். விட்டேன். உள்ளங்கைக்குக் கீழே ஒரு சின்ன அசைவு.

"முப்பத்தெட்டு" என்றேன். ஊருக்கே கேட்டிருக்கும். வெளியே இருந்து சொர்ணம் என்னாச்சு என்றாள். முப்பத்தொன்பது என்றேன்.

தையல் போட்டு முடித்த பிறகு, பேசினில் கிடந்ததைக் காட்டியது. தூக்கிப் பார்த்தேன், இரண்டு கிலோ அரிசிப் பை கனம். ஓர் இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, உள்ளே இருப்பது தெரிந்தது. இன்னும் ஒரு அமுக்கு, இங்கேதான் கிழிந்திருக்கும் என்றது. என் வலது கட்டைவிரல் வட்டம் சுற்றின இடம். எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். தெரியாமச் செஞ்சதுதானே அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டது. சாப்பிட்டிருக்காது. மணி மூன்று.

டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊர் திருவேங்கடமாம். கரிசல் காடு. மைதீன் விசாரித்து வைத்திருக்கிறான்.

ஆனி 21, வியாழன்

வெயிலும் சாரலும் மாறி மாறி. காற்று.

கலெ. கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். மரியாதை அவ்வளவுதான்.

காலையில் மறுபடி பண்பொழிக்குத் தூக்கிப் போய் டிரிப். அடிவயிற்றை (அதே விரல் நுனி) பார்த்து டாக்டரம்மா முகம் மாறியது. ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரம் போகவில்லை. பையில் தேங்கியும் இல்லை. மூத்திரக்காய் வேலை நிறுத்தம். இன்னொரு ஊசி போட்டது. நாளை காலைக்குள் போனால் பிழைத்துக்கொள்ளும். போகாவிட்டால்? கேட்டேன். பதிலுக்கு, போனால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்கள் என்றது. அதுதான் பதில்.

செய்ய வேண்டியது: அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மூடி தண்ணீர். ஈரம் படக் கூடாது. காயத்தை நக்க விடக் கூடாது. வயிறு, தொடவே கூடாது. கடைசியைச் சொர்ணம் சேர்த்தாள். தொட்டால் கையை ஒடிப்பாளாம்.

மதியம் அருவிக்குப் போனேன், வீட்டில் இருந்தால் நாயை முறைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று விரட்டிவிட்டாள். நாலு உடம்பு. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வயிற்றுக்கும் சேர்த்துத் தேய்க்கச் சொன்னார். கையை வைத்தேன். கீழே எல்லாம் நெளிவது மாதிரி இருந்தது. முதுகு மட்டும் போதும் சார் என்றேன். காசைக் குறைத்துக்கொண்டேன்.

தேய்க்கும்போதே மைதீன் போன். "போச்சா வே?" இல்லை என்றேன். பத்து நிமிஷத்தில் மறுபடி. "இப்ப?" பாயில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, யாருக்கு உடம்புக்கு முடியல என்று கேட்டார். கலெக்டருக்கு மூத்திரம் போகலை சார் என்றேன். அவர் தலையை மறுபடி பாயில் வைத்துக்கொண்டார். எந்த மாவட்டம் என்று கேட்பார் என்று பார்த்தேன்.

சாயங்காலம் வந்தால் சேலை காய்ந்தே கிடக்கிறது. சொர்ணம் குனிந்து மோந்து பார்த்தாள். காய்ந்த சேலையைப் பார்த்து ஒருத்தி அழுவதை இன்றுதான் பார்க்கிறேன். அழவில்லை, ஜலதோஷம் என்கிறாள். சரி, ஜலதோஷம்.

எனக்கும் கொஞ்சம் ஜலதோஷம்.

அந்தப் பிள்ளை அத்தனை பாடுபட்டு, மூச்சு நின்றதைத் திருப்பிக் கொண்டு வந்து, எல்லாம் செய்த பிறகு, ஒரு கை மூத்திரத்தில் நிற்கிறது. மனுஷன் கொடுக்க முடியாதது, கடையில் விற்காதது. தினமும் கணக்கில்லாமல் போகிறோம், ஒரு நாளாவது நினைத்தோமா.

ஆனி 22, வெள்ளி

மழை இல்லை. மலை முழுசாகத் தெரிகிறது.

ஐந்தரைக்குச் சொர்ணம் வாசல் தெளித்தாள். வெள்ளிக்கிழமை, பெரிய கோலம், அரை மணி நேரம் குனிந்து போட்டாள். நான் படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ உரசுகிற சத்தம். திரும்பினால் கலெ. சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி, சாய்ந்து சாய்ந்து, நாலு காலும் நாலு பக்கம். பிடிக்கப் போனேன். சொர்ணம் கையைக் காட்டினாள், வேண்டாம்.

படி இறங்கினாள். எப்படி இறங்கினாளோ. நேராகப் போய்க் கோலத்தின் நடுவில் நின்றாள். இரண்டு சுற்றுச் சுற்றினாள். பின்னங்கால் நடுங்க நடுங்க உட்கார்ந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு. பிறகு வந்தது.

வந்துகொண்டே இருந்தது. கோல மாவைக் கரைத்து, பூவைக் கரைத்து, ஓரத்தில் போட்ட கரையைக் கரைத்து, வாசல் சரிவில் ஓடியது. இந்த ஊரிலேயே பிறந்து ஐம்பத்திரண்டு வருஷமாக அருவி பார்க்கிறவன் நான். தண்ணீர் விழுவதை இப்படி நின்று பார்த்ததில்லை. வாயில் பல்பொடி. துப்பத் தோன்றவில்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். சொர்ணம் கோலப்பொடிக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் போடாதீக. பாதியில நிறுத்திரப் போவுது."

நின்றோம்.